மதுரை வெயிலில் தாய்ப்பால்: எதை வாங்கலாம், எதை விடலாம்

கர்ப்பிணிக்கு ஒன்பதாம் மாதம் பிறந்ததும் வீட்டுக்கு ஒரு பட்டியல் வந்து சேர்ந்துவிடுகிறது. சித்தி மகள் அனுப்பியதோ, கூட வேலை பார்ப்பவர் அனுப்பியதோ, கைப்பேசியில் தேடி எடுத்ததோ, எதுவாக இருந்தாலும் உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒன்றுதான். பிறை வடிவத் தலையணை, மின்சாரப் பம்பு, பால் சேமிக்கும் பைகள், நனைந்ததும் எறிந்துவிடும் மார்புப் பட்டைகள், காம்புக் களிம்பு, புட்டி, புட்டி கழுவும் பிரஷ், அந்தப் புட்டியை நீராவியில் வைக்கும் கருவி. அத்தனையையும் வாங்கினால் நடுத்தரக் குடும்பத்தில் ஒருவரின் மாதச் சம்பளம் அதிலேயே கரைந்துவிடும்.

பட்டியல் பொய் சொல்லவில்லை. வேறு ஊர்க்காரர்களுக்காக எழுதப்பட்டது, அவ்வளவுதான். குளிர் தேசத்தில், துணைக்கு ஆளில்லாத வீட்டில், சில வாரங்களிலேயே வேலைக்குத் திரும்ப வேண்டிய ஒரு பெண்ணுக்கு அதில் உள்ள ஒவ்வொரு பொருளும் ஏதோ ஒரு குறையைத் தீர்க்கிறது. மதுரைப் பக்கம் நிலைமை வேறு. முதல் பிள்ளைப்பேறு பெரும்பாலும் தாய் வீட்டில் நடக்கிறது. கூட அம்மாவோ அத்தையோ இருக்கிறார்கள். சித்திரை, வைகாசியில் வெயில் 40 டிகிரியைத் தொடுகிறது. மாடியில் போட்ட துணி காப்பி குடித்து முடிப்பதற்குள் காய்ந்துவிடுகிறது. மின்சாரம் நினைத்த நேரத்தில் போகிறது. இவற்றையெல்லாம் வைத்துப் பார்த்தால் பட்டியலில் பாதி தானாகவே உதிர்ந்துவிடும். அதில் இல்லாத சில பொருள்கள் உள்ளே வரும். பிரசவத்துக்கு முன்னால் வாங்க வேண்டியவை துணிமணிகள் மட்டுமே, மற்றவற்றைப் பிள்ளை பிறந்து என்ன சிக்கல் என்று தெரிந்த பிறகு வாங்கினால் போதும் என்பதுதான் என் கட்சி.

முதல் மூன்று நாள்களில் ஏன் பொருளே தேவைப்படுவதில்லை என்பதற்குக் கணக்கு இருக்கிறது. பிறந்த முதல் 24 மணி நேரத்தில் குழந்தை ஒரு வேளைக்குக் குடிப்பது 2 முதல் 10 மில்லி வரைதான். இரண்டு டீஸ்பூனுக்கு மேல் போகாது. இரண்டாம் நாள் 5 முதல் 15 மில்லி, மூன்றாம் நாள் 15 முதல் 30 மில்லி என்று மெல்ல ஏறும். முதலில் சுரப்பது மஞ்சள் நிறச் சீம்பால். கெட்டியாக, சொட்டுச் சொட்டாக வருவதால் "பாலே இல்லை" என்று பார்ப்பவர்களுக்குத் தோன்றும். நோய் எதிர்ப்புப் புரதங்கள் செறிந்த அந்தச் சொட்டுகளைப் பீய்ச்சிக் கீழே விட்ட காலமும் இருந்தது. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் பால் கொடுக்கத் தொடங்க வேண்டும், ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அந்த "மட்டுமே"யில் சீனித் தண்ணீருக்கும் தேனுக்கும் இடமில்லை.

இங்கேதான் நம் ஊர்ச் சடங்கு ஒன்று குறுக்கே வருகிறது. குடும்பத்தில் நல்ல குணம் படைத்த பெரியவர் ஒருவர் பிறந்த பிள்ளையின் நாவில் சேனை என்று தேனோ சீனித் தண்ணீரோ தொட்டு வைப்பது மதுரை, உசிலம்பட்டி, தேனிப் பக்கமெல்லாம் வழக்கம். தொட்டு வைத்தவரின் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். அந்த ஆசையில் தப்பு சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் தேனில் சில நேரம் இருக்கும் கிருமி வித்துகள் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் குடலில் வளர்ந்து, உடலைத் துவளச் செய்யும் நஞ்சை உண்டாக்கக்கூடும். தெருவில் கழுதையை ஓட்டி வந்து சங்கு அளவில் கறந்து விற்கிறார்களே, அந்தப் பாலும் காய்ச்சாத பால்தான். பெரியவர் மனம் கோணக்கூடாது என்றால் தாயின் சீம்பாலையே விரல் நுனியில் எடுத்து அவர் கையால் தொட்டு வைக்கச் சொல்லலாம். சடங்கும் நடந்துவிடும், பிள்ளையும் தப்பித்துவிடும்.

இந்த நாள்களில் உண்மையாகவே உதவும் பாத்திரம் ஒன்று நம் வீட்டு அலமாரியிலேயே கிடக்கிறது: பாலாடை. தாய்மாமன் சீரில் வெள்ளியில் வரும், எவர்சில்வரிலும் கிடைக்கும். மார்பில் சப்பத் தெரியாத குறைமாதக் குழந்தைகளுக்கு இந்தியாவில் பல பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில் இதனால்தான் பால் புகட்டுகிறார்கள். சீம்பாலைக் கையால் ஒரு கரண்டியில் பீய்ச்சி எடுத்து, பாலாடையில் ஊற்றி, குழந்தையைச் சற்று நிமிர்த்திப் பிடித்து, பாலாடையின் மூக்கை வாயோரத்தில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்க்க வேண்டும். விழுங்கிய பிறகுதான் அடுத்தது. அவசரப்பட்டு ஊற்றினால் புரை ஏறும். ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கழுவி, பத்து நிமிடம் நீரில் கொதிக்கவிட வேண்டும். ரப்பர் காம்பு, திருகு மூடி, அடியில் எட்டாத இடுக்கு எதுவும் இல்லாததால் கழுவுவது எளிது. புட்டியின் இடுக்குகளில் பால் படிந்து புளிப்பதும், நம் வெயிலில் அது எத்தனை சீக்கிரம் நடக்கும் என்பதும் தெரிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

இனி துணி. செலவு செய்ய வேண்டிய இடம் இதுதான்.

விளக்குத்தூண் பக்கத்துக் கடைகளில் பால் கொடுக்கும் தாய்மார்களுக்கான நைட்டி என்று கேட்டால் இரண்டு வகை எடுத்துப் போடுவார்கள். நடுவில் கழுத்திலிருந்து இறங்கும் ஒற்றை ஜிப் ஒரு வகை. மார்பின் இருபுறமும் மடிப்புக்குள் மறைந்திருக்கும் இரட்டை ஜிப் இன்னொன்று. இரண்டாவதைத்தான் வாங்க வேண்டும். ஒற்றை ஜிப்பில் ஒரு பக்கம் கொடுக்க இரண்டு பக்கமும் திறந்து கிடக்கும். பார்க்க வந்த உறவினர் கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போது தாய் உள்ளறைக்கு ஓட வேண்டியிருக்கும். ஜிப்பின் பல் குழந்தையின் கன்னத்தில் படுகிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். உலோகப் பல்லாக இருந்தால் வேண்டாம். துணி முழுப் பருத்தியாக இருக்கட்டும். பளபளப்பாகத் தொங்கும் செயற்கை இழை இரண்டு மணி நேரத்தில் வேர்க்குருவைக் கிளப்பிவிடும். பால் சொட்டியது, குழந்தை எதுக்களித்தது, வேர்த்தது என்று நாளுக்கு மூன்று முறை மாற்ற நேரும் என்பதால் குறைந்தது ஆறு நைட்டி வேண்டும். உள்ளாடையை மட்டும் பிரசவத்துக்கு முன்னால் அளவு பார்த்து வாங்காதீர்கள். பால் இறங்கும் நாள்களில் அளவு மாறும். இறுக்கிப் பிடிக்கும் உள்ளாடை பால் கட்டுவதற்கு வழி செய்யும்.

நனைவை உறிஞ்சும் மார்புப் பட்டைகளில் கடையில் விற்பவை பலவற்றுக்கு அடியில் பிளாஸ்டிக் தாள் இருக்கும். குளிர் ஊரில் அது சட்டை நனையாமல் காக்கும். நம் ஊரில் அது ஈரத்தையும் சூட்டையும் காம்போடு சேர்த்துப் பூட்டி வைக்கிறது. பூஞ்சைத் தொற்றுக்கு இதைவிட வசதியான இடம் கிடைக்காது. அப்பாவின் பழைய வேட்டியை உள்ளங்கை அளவில் வெட்டி, நாலாக மடித்து, ஓரம் தைத்துக்கொண்டால் இருபது முப்பது பட்டைகள் ஆகும். நனைந்தால் உடனே மாற்றி, துவைத்து, வெயிலில் காயப்போட்டு எடுத்து வைக்கலாம். பல முறை துவைத்து மெலிந்த சுங்குடிச் சேலையும் அப்படித்தான். தொட்டில், விரிப்பு, பால் கொடுக்கும்போது தோளில் போட்டுக்கொள்ளும் மறைப்பு என்று மூன்றுக்கும் அது போதும். பஸ்ஸில் மறைத்துக்கொள்ள என்று விற்கும் கழுத்துப்பட்டை வைத்த தடித்த போர்வைக்குள் நம் வெயிலில் பிள்ளையை நுழைப்பது பாவம். மறைவிடம் வேண்டுமென்றால், 2015 முதல் தமிழக அரசு பஸ் நிலையங்களில் பாலூட்டும் அறைகளை அமைத்திருக்கிறது. மாட்டுத்தாவணியில் பஸ் மாறுகிறவர்கள் கேட்டுப் பாருங்கள்.

தலையணை பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஸ்பாஞ்ச் அடைத்த பிறைத் தலையணை வேர்த்து நாறும். இரண்டு இலவம் பஞ்சுத் தலையணைகள் அதே வேலையைச் செய்யும். சிசேரியன் ஆனவர்களுக்கு மட்டும் வயிற்றுத் தையலில் பிள்ளையின் கால் உதைக்காமல் இருக்க அக்குளுக்கடியில் பக்கவாட்டில் ஏந்திக் கொடுக்கும் முறையைச் செவிலியரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். சுவரில் சாய்ந்து தரையில் உட்காருவது தையல் ஆறும்வரை கடினம். முதுகு சாயக்கூடிய, கை வைத்த நாற்காலியும் காலுக்குக் கீழே ஒரு மணைப் பலகையும் இருந்தால் முதுகுவலி பாதி குறையும்.

காம்பு வெடிப்புக்கான களிம்பைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். வெடிப்பு வருவதற்குப் பெரும்பாலும் காரணம் பிள்ளை கவ்வும் விதம். காம்பை மட்டும் கவ்வினால் வெடிக்கும். வாய் அகலத் திறந்து, கீழுதடு வெளியே மலர்ந்து, தாடை மார்பில் பட்டு, காம்பைச் சுற்றியுள்ள கருவளையத்தில் பெரும்பகுதி வாய்க்குள் போயிருந்தால் வலிக்காது. இதைச் சரிசெய்யாமல் களிம்பு தடவுவதில் பயனில்லை. கவ்வுதலைச் சரிசெய்த பிறகு, கொடுத்து முடித்ததும் கடைசிச் சொட்டுப் பாலையே தடவிக் காற்றில் உலரவிட்டால் பலருக்கு ஆறிவிடும். அப்படியும் ஆறாவிட்டால் மணம் சேர்க்காத லேனோலின் களிம்பு வாங்கலாம். ஒவ்வொரு முறையும் காம்பைச் சோப்புப் போட்டுக் கழுவுவது வறட்சியைக் கூட்டும்.

காம்பு உள்ளே அமுங்கியிருப்பவர்களுக்கு சிலிகான் உறையை உடனே விற்றுவிடுகிறார்கள். நம் அரசு மருத்துவமனைச் செவிலியர்களிடம் சில ரூபாயில் முடியும் ஒரு வழி இருக்கிறது. புது சிரிஞ்சு ஒன்றில் ஊசி மாட்டும் முனையை வெட்டி எறிந்துவிட்டு, உள்ளே இருக்கும் தண்டை வெட்டிய பக்கத்திலிருந்து சொருகுவார்கள். விளிம்பு மழுங்கிய மறுமுனையைக் காம்பின் மேல் வைத்துத் தண்டை மெல்ல இழுத்தால் காம்பு வெளியே வரும். அரை நிமிடம் பிடித்து விட்டுவிட்டுப் பிள்ளையை வைக்க வேண்டும். செவிலியர் ஒருமுறை செய்து காட்டிய பிறகே வீட்டில் செய்ய வேண்டும்.

இவ்வளவு பொருள்களையும்விட அதிகம் விற்க வைப்பது ஒரு வாக்கியம்: "பால் பத்தவில்லை." பிள்ளை மாலையில் அழுதால் இந்தப் பேச்சு கிளம்பும். கிளம்பிய மறுநாள் பால் மாவு டப்பா வரும், கூடவே புட்டி வரும், சுரப்பைக் கூட்டும் பொடி வரும். பால் சுரப்பு எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் இந்தச் சங்கிலியை முதல் கண்ணியிலேயே அறுக்கலாம். பிள்ளை சப்பும்போது தாயின் மூளையிலிருந்து பாலை ஊற வைக்கும் புரோலாக்டின் என்ற ஹார்மோன் சுரக்கிறது. இரவில் அது இன்னும் அதிகம். மார்பு காலியாகக் காலியாகச் சுரப்பு வேகமெடுக்கிறது. நிறைந்தே இருந்தால் குறைகிறது. ஒரு வேளை புட்டிப்பால் கொடுத்தால் அந்த வேளை மார்பு காலியாகாது, அடுத்த நாள் சுரப்பு அந்த அளவுக்குக் குறையும், பத்தவில்லை என்றவரின் சொல் பலித்துவிடும். புதுப் பிள்ளை ஒரு நாளில் 8 முதல் 12 முறை குடிப்பது இயல்பு. பால் போதுகிறதா என்று அழுகையை வைத்துச் சொல்ல முடியாது. ஐந்தாம் நாளுக்குப் பிறகு 24 மணி நேரத்தில் ஆறு முறையாவது வெளிர்நிறச் சிறுநீர் போகிறதா, முதல் வாரத்தில் குறைந்த எடை இரண்டு வாரத்துக்குள் திரும்புகிறதா என்பதை வைத்துச் சொல்லலாம். திரும்பவில்லை என்றால் மருத்துவரிடம் போக வேண்டும். மேல்பால் அவசியம் என்று அவர் சொன்னால் தயங்காமல் கொடுக்க வேண்டும், பாலாடையில் கொடுக்கலாம்.

கோடையில் இன்னொரு கேள்வி வரும்: பிள்ளைக்குத் தாகம் எடுக்காதா? தாய்ப்பாலில் ஏறக்குறைய 87 சதவீதம் தண்ணீர்தான். அக்கினி நட்சத்திரத்திலும் ஆறு மாதம் வரை தனியாகத் தண்ணீர் வேண்டியதில்லை. தண்ணீர் வேண்டியது தாய்க்கு. பால் கொடுக்க உட்காரும் இடத்தில் கை எட்டும் தூரத்தில் ஒரு சொம்பு நிறையத் தண்ணீர் வைத்துவிடுங்கள். பச்சை உடம்புக்காரிக்குத் தண்ணீர் ஆகாது என்று சொம்பை எடுத்துக்கொண்டு போகும் பாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள்.

பூண்டு, பால்சுறா புட்டு, முருங்கைக்கீரை எல்லாம் நல்ல சாப்பாடு, சாப்பிடட்டும். பிள்ளையை அடிக்கடி மார்பில் போடாமல் இவற்றால் மட்டும் பால் ஊறாது. மல்லிகைப் பூவைப் பற்றி மதுரையில் எழுதும்போது சொல்லாமல் விட முடியாது. பால் நிற்க வேண்டியவர்களுக்கு மார்பில் மல்லிகையை வைத்துக் கட்டுவது பழைய வைத்தியம். 1988-இல் வெளியான ஓர் ஆய்வு, அப்படிக் கட்டியபோது பால் சுரப்பு உண்மையாகவே குறைந்ததாகச் சொன்னது. ஆகவே பால் கட்டி வீங்கியிருக்கும்போது வலி தணியும் என்று மல்லிகை கட்ட வேண்டாம். கொடுப்பதற்கு முன் கொஞ்சம் கையால் பீய்ச்சி மார்பைத் தளர்த்துவது, கொடுத்த பிறகு குளிர்ந்த ஈரத்துணியை வைப்பது போதும். சிவந்து, குளிர்காய்ச்சல் வந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். பால் கொடுப்பதை நிறுத்தக் கூடாது. தலையில் பூ வைத்துக்கொள்வதைப் பற்றி அந்த ஆய்வு பேசவில்லை.

பால் மாவு டப்பாவை எடுத்துப் பார்த்தால் அதில் குழந்தைப் படம் இருக்காது. 1992-இல் வந்து 2003-இல் திருத்தப்பட்ட சட்டம் அதைத் தடுக்கிறது. தாய்ப்பால்தான் சிறந்தது என்ற வாசகம் டப்பாவில் இருந்தாக வேண்டும். பால் மாவு, பால் புட்டி, இரண்டு வயது வரைக்குமான குழந்தை உணவு எதையும் விளம்பரம் செய்யவோ, இலவச மாதிரி கொடுக்கவோ, பரிசு காட்டி விற்கவோ கூடாது. மீறினால் மூன்று ஆண்டு வரை சிறைகூட உண்டு. அதனால் பிரசவம் முடிந்து வீடு திரும்பும்போது யாராவது டப்பாவைச் சும்மா கையில் திணித்தால், அதற்குச் சட்டத்தில் இடமில்லை என்று தைரியமாகச் சொல்லலாம். 2015-இல் அரசு மருத்துவமனைகளில் கொடுக்கத் தொடங்கிய 16 பொருள் பெட்டகத்தில் துண்டு, கொசுவலை, நகவெட்டி, கை கழுவும் திரவம், சௌபாக்கிய சுண்டி லேகியம் எல்லாம் இருந்தன, புட்டி இல்லை.

கடைசியாகப் பம்பு. விலை உயர்ந்த பொருள் என்பதால் இதில்தான் நிதானம் தேவை. பிள்ளை கூடவே இருக்கிற, வேலைக்குப் போகாத தாய்க்குப் பம்பு தேவையில்லை; கையால் பீய்ச்சக் கற்றுக்கொண்டால் போதும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கருவளையத்தின் விளிம்பில் இருக்க, முதலில் நெஞ்சை நோக்கிப் பின்னால் அழுத்தி, பிறகு விரல்களைச் சேர்த்து, விட வேண்டும். தோலின் மேல் விரல் வழுக்கினால் முறை தவறு. இரண்டு பேருக்குப் பம்பு அவசியமாகிறது. பிள்ளை தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கும் தாய் ஒருவர். அவர் முதல் சில மணி நேரத்திலேயே தொடங்கி நாளுக்கு எட்டு முறையாவது எடுக்க வேண்டும். முதலில் வரும் சில சொட்டுகள் பம்பின் குழாயிலேயே ஒட்டிக்கொள்ளும் என்பதால் அவருக்குக்கூட முதல் இரண்டு நாள் கைதான். வேலைக்குத் திரும்புகிறவர் மற்றவர். தமிழக அரசு ஊழியர்களுக்கு 2021 முதல் ஓராண்டு மகப்பேறு விடுப்பு. அவர்கள் திரும்பும்போது பிள்ளை சோறு சாப்பிடத் தொடங்கியிருக்கும். தனியார் நிறுவனங்களில் 2017-இலிருந்து முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 26 வாரம். பம்பு உண்மையில் பயன்படுவது இவர்களுக்குத்தான். விடிவதற்கு முன் மல்லிகைத் தோட்டத்துக்குப் பூப்பறிக்கப் போகும் பெண்களுக்கு விடுப்பும் இல்லை, பம்பைச் சொருக மின் இணைப்பும் இல்லை.

பம்பு வாங்குவதென்றால் மார்பில் பொருத்தும் புனலின் அளவைப் பாருங்கள். இழுக்கும்போது காம்பு உரசாமல் முன்னும் பின்னும் நகர வேண்டும். கருவளையம் அதிகமாக உள்ளே போகக்கூடாது. காம்பின் அளவு பிரசவத்துக்குப் பின் மாறுவதால் முன்கூட்டி வாங்கினால் புனல் பொருந்தாமல் போகலாம். பால் மோட்டார் பக்கம் ஏறாமல் தடுப்பு வைத்த மூடிய வகையே நல்லது. தடுப்பில்லாத பழைய பம்பை அடுத்தவரிடமிருந்து இரவல் வாங்கக் கூடாது. உள்ளே ஏறிய பால் பூஞ்சை பிடித்திருந்தால் வெளியே தெரியாது. நாளுக்கு ஒரு முறை எடுப்பவருக்குக் கைப்பம்பு போதும்.

எடுத்த பாலை வைப்பதில் பட்டியலை அப்படியே நம்பிவிடக் கூடாது. 25 டிகிரி வரையுள்ள அறையில் நாலு மணி நேரம், ஃபிரிட்ஜில் நாலு நாள் என்பது அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் கணக்கு. அந்த 25 டிகிரி நமக்கு மார்கழி விடியற்காலையில் கிடைக்கும். மற்ற மாதங்களில் எடுத்தவுடன் மூடி போட்ட எவர்சில்வர் அல்லது கண்ணாடிப் பாத்திரத்தில் ஃபிரிட்ஜின் உள்பக்கம், கதவில் அல்ல, வைத்துவிட வேண்டும். மின்சாரம் நெடுநேரம் போகும் வீடு என்றால் இரண்டு வேளைக்கு மேல் சேமிக்க வேண்டாம். அலுவலகத்திலிருந்து கொண்டுவர ஐஸ் பொட்டலம் வைத்த சிறு பெட்டி வேண்டும். பம்பை விட்டால், என் பட்டியலில் பணம் போட்டு வாங்கச் சொல்லும் ஒரே நவீனப் பொருள் அதுதான். கொடுக்கும்போது பாத்திரத்தை வெந்நீரில் வைத்து வெதுவெதுப்பாக்க வேண்டும். அடுப்பிலும் மைக்ரோவேவிலும் வேண்டாம். பிள்ளை குடித்து மீந்ததை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது.

தன் பிள்ளைக்குப் போக மீதம் சுரக்கும் தாய்மார்களுக்கு மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் தாய்ப்பால் வங்கி இருக்கிறது. கொடுக்க முன்வருபவருக்கு எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி போன்றவற்றுக்கு ரத்தப் பரிசோதனை செய்யப்படும். தாய்ப்பால் வங்கிகளில் சேரும் பாலை 62.5 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கி, கிருமிப் பரிசோதனை முடித்து, உறைநிலையில் வைத்து, எடை குறைந்து பிறந்த பிள்ளைகளுக்குக் கொடுக்கிறார்கள்.